கிழக்குச் சுவரின் ஐந்து அங்குலம்

தர்காச் சுவர்களின் தலையைச் சுற்றி வைத்த மரச்சட்டம் மூன்று மூலைகளில் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்துவிட்டது. நான்காவது மூலையில்தான் வம்பு. அங்கே சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே தச்சர் தன் கையை நுழைத்துப் பார்த்தார்; மணிக்கட்டு வரை தாராளமாகப் போயிற்று. சாரத்தின் மேல் நின்றிருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள். "என்மேல பழி போடாதீங்க. வரைபடத்துல என்ன அளவு இருக்கோ அதுக்குத்தான் அறுத்தேன்" என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார் தச்சர். முப்பது வருஷம் உளி பிடித்தவருக்கு, பழி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாதா என்ன?

கீழே முற்றத்தில் நின்றிருந்த அளவுக்காரி, கையிலிருந்த நாடாவைச் சுருட்டத் தொடங்கினாள். அலுவலகப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் பழங்கட்டடப் பிரிவில் கடைநிலை ஊழியரிலிருந்து மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவள் அளவுக்காரிதான். "அவ எடுத்த அளவு நூல் பிசகாது" என்பார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவள் கேட்காதது போல நடப்பாள். நடையில் மட்டும் கொஞ்சம் மிடுக்கு கூடிவிடும். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது இந்த தர்காவின் வரைபடம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவள் வரைந்தது. அதைப் புத்தகத்தில் அச்சிட்டார்கள், கல்லூரியில் பாடமாக வைத்தார்கள், அலுவலக வாசலில் கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

கட்டடம் பெரியதல்ல. ஒரு சதுர அறை, அதன் தலையில் ஒரு குவிமாடம், அவ்வளவுதான். உள்ளே நடுவில் ஒரு சூஃபி அறிஞரை அடக்கிய கபுர், பச்சைத் துணி போர்த்தி, முழங்கால் உயரத்துக்கு மரக்கிராதி சூழ. மற்ற தர்காக்களிலிருந்து இது வேறுபடுவது சுவர்களில்தான். விளக்கு மாடங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் புத்தக மாடங்கள். ஏனென்றால் இது முதலில் அடக்கத்தலமே இல்லை; அவர் உட்கார்ந்து படித்த, எழுதிய, வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் சொன்ன அறை. எழுதிக்கொண்டிருந்தபடியே போய்ச் சேர்ந்தார். எழுதிய இடத்திலேயே அடக்கினார்கள். முப்பது வருஷம் கழித்து அவருடைய மாணவர்கள் கூடி, பழைய நாலு சுவரையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலே குவிமாடம் எழுப்பினார்கள். நாலு சுவரின் மேலும் நாலு மூலையின் குறுக்கேயும் வளைவு போட்டு நாலை எட்டாக்கி, எட்டைப் பதினாறாக்கி, பதினாறின் மேல் வட்டத்தை உட்காரவைத்திருந்தான் கட்டினவன். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிப்பது கூடத் தெரியாது.

அந்தக் குவிமாடத்தில்தான் இப்போது விரிசல், வடகிழக்கு மூலைக்கு மேலே, இரண்டு விரல் அகலத்தில். பிரிந்துவிடுமோ என்று பயப்படுகிற பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுவது போல, நாலு சுவரின் தலையையும் சுற்றி ஓர் இரும்புப் பட்டை பூட்டுவதாகத் திட்டம். பட்டறைக்கு மாதிரி வேண்டுமென்று தச்சர் முதலில் மரச்சட்டம் செய்துகொண்டுவந்தார். அதுதான் இப்போது வடகிழக்கு மூலையில் பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

பொறியாளர் சாரத்திலிருந்து இறங்கிவந்தார். இந்த வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. வேகமான பிள்ளை, கெட்டவரும் அல்ல. முகம் வெளுத்திருந்தது.

"மேடம், அஞ்சு அங்குலம்."

"பார்த்தேன் சார்."

"நீங்க அளந்தப்போ கிழக்குச் சுவர் சரியா இருபத்துநாலு அடி. இப்ப அஞ்சு அங்குலம் குறையுது. அப்படின்னா வடக்குச் சுவரோட இந்த முனை உள்ள வந்திருக்கு. பன்னெண்டு வருஷத்துல அஞ்சு அங்குலம்! மேல விரிசலும் அங்கதான் இருக்கு. சுவர் நடந்துக்கிட்டே இருக்கு மேடம்."

"சுவர் எங்கேயும் நடக்கல சார். பட்டையை அந்த மூலைல கொஞ்சம் வளைச்சுக்கிட்டா போதும்."

"எப்படிப் போதும்? அளவெடுத்தது வேற யாராவதா இருந்தா அளவுல தப்புன்னு விட்டுருவேன். எடுத்தது நீங்களாச்சே."

தன் பெயரே தன் வாயை அடைக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

பொறியாளர் முடிவை அப்போதே சொல்லிவிட்டார். மழைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. அதற்குள் வடக்குச் சுவரையும் அதன் மேலிருக்கும் குவிமாடத்தின் பகுதியையும் பிரித்து இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் மொத்தமும் ஒருநாள் யார் தலையிலாவது விழும். கற்களுக்கு எண் போட்டு அடுக்கி வைத்து, பிறகு திரும்பக் கட்டலாம். மாலை நாலு மணிக்கு அறிக்கை மேலே போய்விடும். 'திரும்பக் கட்டலாம்' என்ற சொல்லை அளவுக்காரி நிறையக் கேட்டிருக்கிறாள். எண் போட்டு அடுக்கிய கற்கள் புல் முளைத்துக் கிடக்கும் முற்றங்கள் அவளுக்கு மூன்று தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் காலை அவளுக்கு நேற்று நடந்தது போல நினைவிருந்தது. வேலையில் சேர்ந்து அவளுக்குக் கிடைத்த முதல் கட்டடம். வெளியே தூறல். கிழக்குச் சுவரை ஒட்டிப் பெரிய புத்தக அலமாரி நின்றதால் நாடாவை ஒரே இழுப்பில் இழுக்க முடியாமல், இரண்டு துண்டாக அளந்து கூட்டினாள். மற்ற மூன்று சுவரும் இருபத்துநாலு அடி சொல்ல, இது மட்டும் ஏறக்குறைய ஐந்து அங்குலம் குறைத்துச் சொன்னது. மறுபடி அளந்தாள், அதேதான். ஒரு வட்டமான குவிமாடம் கோணல் சதுரத்தின் மேல் எப்படி உட்காரும்? உட்காராது. ஆகவே கூட்டியதில் தப்பு, நாடா நனைந்ததில் தப்பு, புதியவளான தன்மேல் தப்பு. இந்த அளவைக் கொண்டுபோனால் அலுவலகமே சிரிக்கும். குறிப்பேட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டு, மேலே 'இருபத்துநாலு' என்று எழுதினாள். அதோடு விட்டாளா? சதுரம் சரியாக இருந்தால் மேலே எட்டு வளைவும் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று ஒரே ஒரு வளைவை அளந்து, அதையே எட்டுத் தடவை வரைந்தாள். படம் அழகாக வந்தது. எல்லோரும் மெச்சினார்கள். அதன் பிறகு எத்தனையோ முறை இந்த தர்காவுக்கு வந்திருக்கிறாள், ஆனால் அந்தச் சுவரில் மட்டும் நாடாவை வைத்ததில்லை. வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் அந்தச் சோற்றின் பக்கமே திரும்ப மாட்டார்கள்.

சாவிக்காரர் கதவோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தர்காவைத் திறப்பதும் பூட்டுவதும் கூட்டுவதும் அவர்தான். பேச்சில் உப்பும் புளியும் ஒரு பிடி தூக்கலாகவே இருக்கும்.

"அந்த மூலை எங்க தாத்தா காலத்துலயும் அப்படித்தாம்மா இருந்துச்சு. நான்தான் உங்களுக்கு அன்னைக்கே சொன்னேனே. நீங்க சிரிச்சீங்க."

சொன்னார்தான். அறையைக் கட்டியபோது வடக்குப் பக்கம் சந்து. சந்தின் கோடியில் கிணறு. தண்ணீர்ப் பீப்பாய் வண்டி அந்தத் திருப்பத்தில்தான் திரும்ப வேண்டும். அஸ்திவாரத்துக்கு முளையடித்துக் கயிறு கட்டியதும் வண்டியின் அச்சு முனை கயிற்றில் இடித்தது. அந்த அறிஞர்தான் மூலையை உள்ளே தள்ளச் சொன்னார். அறை கோணலாகிவிடுமே என்று கொத்தனார் தலையைச் சொறிந்தபோது, "நான் உள்ள உக்காந்து படிக்கப்போறேன்பா, தாயம் ஆடப்போறதில்ல" என்றாராம். தர்கா என்று இருந்தால் இப்படி நாலு கதை இருக்கத்தானே செய்யும் என்று அன்று அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்று சிரிக்கவில்லை. நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே போட்டிருந்த சாரத்தில் ஏறினாள். எட்டு வளைவையும் ஒவ்வொன்றாக அளந்தாள். தென்மேற்கிலிருந்து தொடங்கினால் முதல் வளைவு ஆறு அடி. அடுத்தது அரை அங்குலம் குறைவு. அதற்கடுத்தது இன்னும் ஒரு அங்குலம். வடகிழக்கை நெருங்க நெருங்க இப்படியே இழைத்து இழைத்துக் குறைத்துக்கொண்டு போயிருந்தான் கட்டினவன். செங்கற்களுக்கு நடுவே சாந்து முடிபோல மெல்லியதாக, எங்கும் விடாமல். பிறகு நகர்ந்த சுவராக இருந்தால் இந்த இணைப்புகள் வாய் பிளந்திருக்கும். அந்த ஐந்து அங்குலத்தை அவன் ஒளிக்கவில்லை, ஒதுக்கவும் இல்லை. எட்டு வளைவுக்கும் பதினாறு முகத்துக்கும் பங்குபோட்டுக் கொடுத்து, மேலே போகப்போக ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் கரைத்துவிட்டிருந்தான். உச்சியில் இருந்தது சுத்தமான வட்டம். அளவுக்காரி சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் இதன் அடியில் நின்று தலையை நிமிர்த்திக் காட்டி எத்தனை பேருக்கு விளக்கியிருப்பாள்! இதைத் தவிர எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

இறங்கிவந்து பொறியாளரிடம் வளைவுகளின் அளவைக் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து அவளுடைய வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார்.

"இதுல எட்டும் ஒரே அளவு மேடம். அப்ப எட்டு வளைவும் நசுங்கியிருக்கு. நான் நினைச்சதைவிட மோசம்."

சாவிக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார், சிரிப்பை அடக்கவா, அழுகையை அடக்கவா தெரியவில்லை. அளவுக்காரி வரைபடத்தைப் பார்த்தாள். தன் கையெழுத்து, கீழே வலது மூலையில், கொம்பும் சுழியுமாக ஜம்மென்று இருந்தது. "நாலு மணிக்குத்தானே அறிக்கை? ரெண்டு மணிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

வீடு பத்து நிமிட நடை. வீட்டின் முன்னறைதான் அவள் கணவரின் தையல் கடை. அவர் ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் சாப்பிட உட்காராமல் பரணைப் பார்ப்பதைக் கண்டு தையல் இயந்திரத்தின் மிதியை நிறுத்தினார்.

"என்ன தேடற?"

"என் முதல் குறிப்பேடு. கெட்டி அட்டை, நீல நிறம்."

அவர் கொஞ்சம் நெளிந்தார். பிறகு வெட்டுமேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். நீல அட்டைதான்; அதன்மேல் தையல் சுண்ணக்கட்டித் தூள். "முக்கால்வாசி வெறும் தாளா கிடந்துச்சு. பின்பக்கத்துலேர்ந்து நம்ம ஆளுங்க அளவை எழுதி வச்சுக்கிட்டேன். கோவிச்சுக்காத."

அவள் முன்பக்கத்தைப் புரட்டினாள். மழையில் மை கொஞ்சம் ஊறிய பக்கம், அந்த எண், அதன்மேல் கோடு. இருக்கிறது. மூச்சு வந்தது. பிறகு என்ன தோன்றியதோ, பின்பக்கத்தையும் புரட்டினாள். கணவரின் உருண்டைக் கையெழுத்து: 'வாத்தியார், வலது தோள் முக்கால் அங்குலம் இறக்கம். பஸ் டிரைவர், இடது கை அரை நீளம். மருந்துக்கடைக்காரர், முதுகு வளைவு, பின்பக்கம் ஒன்று கூட்டு.'

"எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு எழுதியிருக்கீங்க."

"எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு இருக்குமில்ல? ரெண்டு தோளும் சமமா இருக்குறது கடை வாசல்ல நிக்கற பொம்மைக்குத்தான். அதைப் பார்த்து வெட்டினா சட்டை பொம்மைக்குத்தான் சேரும்."

அவள் வெட்டுமேசையிலேயே ஒரு தாளை விரித்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். கணவர் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை தட்டையே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். எழுதியதை எட்டிப் படித்தார்.

"வாசல்ல மாட்டியிருக்கற படத்தைக் கழட்டிருவாங்களே."

"கழட்டட்டும். சுவரைக் கழட்டாம இருந்தா போதும்."

"உன்னை அளவுக்காரின்னு கூப்பிடவும் மாட்டாங்க."

அது வலித்தது. அவள் சோற்றைப் பிசைந்தபடி, "அளந்தது சரியாத்தான் அளந்தேன்" என்றாள். "நம்பத்தான் தெரியல."

இரண்டு மணிக்கு அவள் தர்காவுக்குள் நுழையும்போது நடை பழைய மிடுக்கோடுதான் இருந்தது. எப்படி அப்படி இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். பொறியாளரைக் கிழக்குச் சுவரின் தென்முனையில் நிறுத்தி நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்கவைத்தாள். அலமாரியின் விளிம்பு வரை ஒரு துண்டு. அங்கே பென்சிலால் குறி. அங்கிருந்து வடக்கு முனை வரை இன்னொரு துண்டு. அன்று அளந்த அதே மாதிரி. கடைசி எண்ணை அவரையே வந்து வாசிக்கச் சொன்னாள்.

"கூட்டினா இருபத்துமூணு அடி, ஏழு அங்குலம்."

"நூல் சொல்லுங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார். "ரெண்டு நூல்."

அவள் குறிப்பேட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தில் விரலை வைத்து நீட்டினாள். இருபத்துமூன்று அடி, ஏழு அங்குலம், இரண்டு நூல். பக்கத்தின் தலையில் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. எண்ணின் குறுக்கே ஒரே ஒரு கோடு, அதற்கு மேலே நிதானமான எழுத்தில் இருபத்துநாலு. பொறியாளர் குனிந்து அந்த எண்ணை நாடாவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கிராதிக்குப் பின்னால் ஊதுவத்திப் புகை நேராக எழுந்து, குவிமாடத்தின் இருட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இதை ஏன் அடிச்சீங்க?"

"நான் தப்பா அளந்துட்டேன்னு நினைச்சேன். கட்டினவரும் தப்புப் பண்ணல, நானும் தப்பா அளக்கல. அடிச்சதுதான் தப்பு. மேல வளைவும் ஒண்ணைத்தான் அளந்தேன், மத்த ஏழும் அதோட நகல். இந்தச் சுவர் நகரல சார். நகர்ந்ததுன்னு சொன்னது என் படம்தான்."

பொறியாளர் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். "காலேஜ்ல இந்தப் படத்தை அஞ்சு தடவை பார்த்து வரைஞ்சிருக்கேன் மேடம். அந்தக் காலத்துலயே எவ்வளவு சரியா கட்டியிருக்காங்கன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. மரியாதை வைத்திருந்தவனிடமிருந்து அதைப் பிடுங்குவது, வைக்காதவனிடம் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டம்.

"அதைவிடச் சரியாத்தான் கட்டியிருக்காங்க" என்றாள். "மேல ஏறிப் பாருங்க, தம்பி." சார் தம்பியானதை இருவருமே கவனிக்கவில்லை.

அவர் ஏறினார். அரைமணி நேரம் சாரத்திலேயே இருந்தார். இணைப்புகளில் விரலை ஓட்டிப் பார்ப்பதும், நாடாவை இழுப்பதும், ஒரு தடவை தனக்குள் "அடேயப்பா" என்பதும் கீழே கேட்டது. இறங்கியபோது சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

"விரிசல் விரிசல்தான் மேடம். அது பொய்யில்ல."

"இல்லைன்னு யார் சொன்னா? பட்டை பூட்டணும். ஆனா சுவர் இருக்கற மாதிரி இருக்கணும் பட்டை. விரிசல் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி வைங்க. சுவர் நூல் நகர்ந்தாக்கூடக் கண்ணாடி உடைஞ்சுரும். உடைஞ்சா முதல் கல்லை நானே பிடிச்சு இறக்கறேன்."

"கைப்புண்ணுக்குத்தான் கண்ணாடி வேணாம்பாங்க" என்றார் சாவிக்காரர். "சுவர்ப் புண்ணுக்கு வேணும் போல." யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

"அறிக்கையை நான் நிறுத்தி வைக்கணும்னா, இதெல்லாம் எழுத்துல வேணும்" என்றார் பொறியாளர் தயங்கியபடி. "அப்புறம் உங்க மத்த படங்களையும்... நாப்பது கட்டடம்..."

"நாப்பத்துமூணு. எல்லாத்தையும் மறுபடி சரிபார்க்கணும்னு நானே எழுதியிருக்கேன்." மடித்து வைத்திருந்த இரண்டு தாள்களை எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்து போட்டிருந்தது, அதே கொம்பும் சுழியுமாக. குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுத்தாள். "பின்பக்கம் மட்டும் பார்க்காதீங்க, பாதி ஊரோட தோள் அதுல இருக்கு."

மேலேயிருந்து பதில் இன்னும் வரவில்லை. அலுவலக வாசலில் படத்தைக் கழற்றிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக ஒரு சதுரம் காட்டுகிறது. போகிறவர்கள் வருகிறவர்களில் சிலர் அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்கள். அவள் நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகத்தான் நடக்கிறாள். தச்சர் சட்டத்தை மறுபடி அறுத்துக்கொண்டுவந்தார், இந்தத் தடவை கோணலாக. "கோணலா அறுக்கச் சொல்லிக் கூலி வாங்கறது இதுதான் முதல் தடவை" என்று முணுமுணுத்தார். நாலு மூலையிலும் உட்கார்ந்தது.

மழை சொன்னதைவிட ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. முதல் நாள் மழையிலேயே அளவுக்காரி குடையோடு போய், சாரத்தில் ஏறி, விளக்கடித்துப் பார்த்தாள். விரிசலின் குறுக்கே சுண்டுவிரல் நீளக் கண்ணாடி. மேலே அவள் எழுதிய தேதி. கோடு ஒன்றும் விழவில்லை. கண்ணாடி ஒட்டி இன்று ஒன்பதாவது நாள். பொறியாளர் கேட்பது தொண்ணூறு நாள்.

இறங்கி வெளியே வந்து சந்தில் நின்றாள். வடகிழக்கு மூலையில், முழங்கால் உயரத்தில், சுவரில் ஒரு வழவழப்பான பள்ளம். எத்தனையோ வருஷத்து அச்சு முனைகள் உரசித் தேய்த்த பள்ளம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அதைச் சிதிலம் என்று குறித்திருந்தாள். மழைக்கு ஒதுங்கி அவள் அதில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காய்கறி வண்டிக்காரம்மா தலையில் பிளாஸ்டிக் தாளைக் கவிழ்த்துக்கொண்டு வண்டியைத் தள்ளியபடி வந்தாள்.

"கொஞ்சம் நகரும்மா, வண்டி திரும்பணும்."

"இடிக்காதா?"

"இடிக்காது. ஒரு விரல் விட்டுத்தான் போகும், எப்பவும்."

அளவுக்காரி மூலையைவிட்டு விலகி நின்றாள். அந்த அம்மா சுவரைப் பார்க்கக்கூட இல்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. நிறைசுமை வண்டி மழையில் ஒரு தடவை கிறீச்சிட்டுத் திரும்பியது. நனைந்த அச்சு முனை அந்தப் பள்ளத்துக்கு நேரே, ஒரு விரல் இடைவெளியில், சுவரைத் தொடாமல் கடந்துபோயிற்று.